அளவு தெரியாத அணி: தெரியாதது யாருக்கு?

ஜனவரி 11, 2025 (வாசகர் கேள்வி)

சொந்தப் பயிற்சிக்காக ஒரு சிறிய ஃபோர்ட்ரான் கம்பைலர் (ஃபோர்ட்ரான் மொழி நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். என் இடைநிலைக் குறிமுறையில் (மாற்றும் வழியில் கம்பைலர் தனக்குள் வைத்துக்கொள்ளும் வடிவம்) அணி, அதாவது ஒரே பெயரில் வரிசையாக அடுக்கிய மதிப்புகள், என்ற வகைக்குள் பரிமாணங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பரிமாணத்துக்கும் தொடக்கம், நீளம் என்று இரண்டு கட்டங்கள். ஏ(10) என்றால் நீளக் கட்டத்தில் 10 எழுதுகிறேன். ஏ(*) என்றால் கட்டம் காலி. ஏ(:) என்றாலும் காலி. பின்னால் இடம் ஒதுக்கப்படும் அணிக்கும் காலிதான். இதுவரை எல்லாச் சோதனைகளும் ஓடுகின்றன. உடன் வேலை பார்க்கும் ஒருவர் இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கிறார். தெரியாது என்றால் தெரியாது, அவ்வளவுதானே? தெரியாததில் என்ன ரகங்கள்?

ஜனவரி 11, இரவு

ரகங்கள் இருக்கின்றன. "தெரியாது" என்பது பாதி வாக்கியம். யாருக்குத் தெரியாது, எப்போது தெரியாது என்பதைச் சேர்த்தால்தான் முழு வாக்கியம்.

ஏ(என்) என்று அறிவித்தால், அதாவது நீளம் என் என்ற மாறியில் வந்தால், கம்பைல் செய்யும்போது தெரியாது. துணைநிரலுக்குள் கால் வைத்த நொடியில் தெரிந்துவிடும். ஏ(:) என்றால் துணைநிரலை அழைத்தவருக்குத் தெரியும், அவர் அணியோடு சேர்த்து அளவையும் அனுப்பியாக வேண்டும். ஏ(*) என்றால் உள்ளே இருப்பவருக்குக் கடைசிவரை தெரியாது, கேட்கவும் உரிமையில்லை. இடம் ஒதுக்கப்படும் அணி என்றால் இந்த வரியில் ஒரு அளவு, அடுத்த வரியில் வேறு அளவு. நான்கையும் ஒரே காலிக் கட்டத்தில் அடைத்தால், அந்தக் கட்டத்தைப் படிக்கும் ஒவ்வொரு இடத்திலும் "இது எந்தக் காலி?" என்று மறுபடி ஊகிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் சோதனைகள் ஓடுகின்றன என்பதை நம்புகிறேன். என்னுடையவையும் ஓடின.

ஜனவரி 12

தனிமடலில் ஒருவர் எளிய உவமை கேட்டார். கல்யாணப் பந்தி. ஏ(என்) என்றால் பந்தி உட்காரும் முன்பே "எண்பது இலை" என்று சமையல்கட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. ஏ(:) என்றால் ஒவ்வொரு வரிசையோடும் எத்தனை இலை என்று ஒரு சீட்டு வருகிறது. ஏ(*) என்றால் "போட்டுக்கொண்டே போ, எங்கே நிறுத்துவது என்று வேறு யாராவது சொல்வார்கள்". சொல்லாவிட்டால் அடுத்த மண்டபத்துக்குள்ளும் இலை போடுவீர்கள்.

ஜனவரி 12, அரை மணி கழித்து

இடம் ஒதுக்கப்படும் அணிக்குப் பந்தியில் இடமில்லை என்று அவரே சுட்டிக்காட்டிவிட்டார். உவமையைத் திரும்பப் பெறுகிறேன். சீட்டு என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அணியோடு கூடப் போகும் விவரத் தொகுப்பை டிஸ்கிரிப்டர் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவதற்கு அது மேல்.

சீட்டில் என்ன இருக்கும்? தரவின் முகவரி, ஒரு உறுப்பின் பருமன், எத்தனை பரிமாணம், ஒவ்வொரு பரிமாணத்துக்கும் கீழ் எல்லை, நீளம், ஒரு உறுப்பிலிருந்து அடுத்ததற்குத் தாண்ட வேண்டிய தூரம். கம்பைலருக்குக் கம்பைலர் வரிசையும் பெயரும் மாறும். சாரம் இதுதான்.

ஜனவரி 14

என் கதை. தொடங்கியபோது நான் உங்களைவிடத் துணிச்சலாக ஒரு முடிவு எடுத்தேன்: எல்லா அணிக்கும் சீட்டு. ஏ(10) ஆனாலும் சீட்டு, ஏ(*) ஆனாலும் சீட்டு. ஒரே வகை, ஒரே பாதை, சுத்தமான குறிமுறை. மூன்று மாதம் பெருமையாக ஓடியது. நான் எழுதிய துணைநிரலை நானே எழுதிய நிரல் அழைக்கும்வரை பெருமைக்குக் குறைவில்லை.

பிறகு பிளாஸ் நூலகத்தின் (அணிக் கணக்குகளுக்கான ஆயத்தத் துணைநிரல்களின் தொகுப்பு) அணிப் பெருக்கலான டிஜெம்மை அழைத்தேன். அது அணியை ஏ(எல்டிஏ, *) என்று எதிர்பார்க்கிறது. அதாவது வெறும் முகவரி. எல்டிஏ என்ற எண் தனியாக வரும். ஒரு நெடுவரிசையிலிருந்து அடுத்த நெடுவரிசைக்கு எத்தனை உறுப்பு தாண்ட வேண்டும் என்பதை அதை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளும். என் கம்பைலர் அனுப்பியதோ சீட்டின் முகவரியை. டிஜெம் சீட்டையே அணி என்று நம்பிப் பெருக்கியது. உள்ளே போன முதல் உறுப்பை அச்சிட்டுப் பார்த்தேன். 6.95 பெருக்கல் பத்தின் அடுக்கு −310.

இந்த எண்ணை முகம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். 64 பிட் லினக்ஸில் ஸ்டாக் (துணைநிரல் ஓடும்வரை மட்டும் இருக்கும் தற்காலிக நினைவகம்) முகவரியை இரட்டைத் துல்லிய மெய்யெண்ணாகப் படித்தால் இப்படித்தான் வரும். ஹீப் (வேண்டும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) முகவரி என்றால் பெரும்பாலும் 4.6ஐ ஒட்டி, அதே −310. விடையில் −310 தெரிந்தால் கணக்கைச் சோதிக்காதீர்கள். எங்கோ ஒரு முகவரி எண் வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பெருக்கல் தவறா என்று தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 15

"அழைக்கும் இடத்தில் சீட்டைப் பிரித்து முகவரியை மட்டும் அனுப்பினால் போயிற்று" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. போயிற்றுதான். ஆனால் அனுப்புமுன் எதிரில் இருப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிய வேண்டும். அது இடைநிலைக் குறிமுறையில் எங்காவது எழுதியிருக்க வேண்டும். காலிக் கட்டத்தில் எழுதியிருக்காது.

ஏ(:) உள்ள துணைநிரலை அழைக்க வெளிப்படையான இடைமுகம் (துணைநிரல் எதை எப்படி வாங்கும் என்ற அறிவிப்பு) கட்டாயம் என்று ஃபோர்ட்ரான் 90 தரம், அதாவது மொழியின் விதிநூல், சொல்வதற்குக் காரணமும் இதுதான். பழைய பாணியில் பெயரை மட்டும் வைத்து அழைத்தால், சீட்டா வெறும் முகவரியா என்று அழைப்பவருக்குத் தெரிய வழியில்லை.

எல்ஃபோர்ட்ரான் என்ற கம்பைலர் இதை நேராக எதிர்கொள்கிறது. அதன் ஏஎஸ்ஆர் என்ற இடைநிலை வடிவத்தில் அணி வகைக்குள் பரிமாணங்களோடு இன்னொரு தகவலும் உண்டு: இந்த அணி நினைவகத்தில் எப்படி இருக்கிறது என்பது. சீட்டோடு இருப்பது, தரவுச் சுட்டியாக மட்டும் இருப்பது, எல்லையற்ற தரவுச் சுட்டி, நிலையான அளவு என்று பெயர்கள். எல்லையற்றது என்பது நம்முடைய ஏ(*). ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அந்த வடிவத்தில் தனியாக ஒரு கணு (ஒரு செயலைக் குறிக்கும் முடிச்சு). மாற்றம் நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஃபிளாங் என்ற இன்னொரு கம்பைலர் வேறு வழி. அதன் இடைநிலை மொழிக்கு எஃப்ஐஆர் என்று பெயர். ஃபோர்ட்ரான் ஐஆர் என்பதன் சுருக்கம். முதல்முறை அந்தப் பெயரைப் பார்த்தபோது யார் மேல் புகார் என்று தேடினேன். அங்கே தெரியாத நீளத்துக்கு வெறும் கேள்விக்குறி. ஏ(என்), ஏ(*), ஏ(:) மூன்றுக்கும் அதே கேள்விக்குறி! வித்தியாசம் வெளியே போர்த்தியிருக்கும் வகையில் இருக்கிறது. முதல் இரண்டும் வெறும் முகவரியாகப் போகின்றன, மூன்றாவது பெட்டிக்குள் போகிறது. பெட்டிதான் சீட்டு.

ஆகவே 11ஆம் தேதி நான் எழுதியதை ஒரு பிடி தளர்த்துகிறேன். காலிக் கட்டம் குற்றமில்லை. காலிக் கட்டம் மட்டுமே இருப்பதுதான் குற்றம்.

ஜனவரி 19

ஏ(என்) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "அங்கே காலி இல்லையே, நீளக் கட்டத்தில் என் என்ற கோவையையே (மதிப்பிட்டு விடை காண வேண்டிய கணக்கு) வைத்துவிட்டேன், இது சரிதானே?" என்று. உட்காருங்கள், இது நீளும். (என் என்றால் இங்கே என்னுடைய என்று பொருளல்ல. ஆங்கில எழுத்து.)

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். வகைக்குள் ஒரு கோவை. உறுப்பின் இடத்தைக் கணக்கிட வேண்டிய ஒவ்வொரு முறையும் அந்தக் கோவையை எடுத்து மதிப்பிட்டேன். ஏ(என், என்) என்ற சதுர அணி. ஃபோர்ட்ரானில் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்குவார்கள். எனவே ஏ(1,2) என்பது தொடக்கத்திலிருந்து என் உறுப்பு தள்ளி இருக்கும். என் 4 என்றால் நான்கு தள்ளி.

இப்போது துணைநிரலின் நடுவில் யாரோ என் = என் − 1 என்று எழுதுகிறார். கடைசி வரிசையைக் கழித்துவிட்டுத் தொடரும் கணக்குகளில் இது சர்வசாதாரணம். என் 3 ஆகிறது. அடுத்த வரியில் ஏ(1,2) கேட்டால் என் கம்பைலர் மூன்று தள்ளிப் போய் எடுத்தது. அங்கே இருப்பது ஏ(4,1). இரண்டாம் நெடுவரிசையின் தலை கேட்டால் முதல் நெடுவரிசையின் வால் வருகிறது.

விதி தெளிவாக இருக்கிறது: துணைநிரலுக்குள் நுழையும்போது என் என்னவோ அதுதான் அணியின் எல்லை. பிறகு என் மாறினாலும், அழிந்தாலும், அணிக்குக் கவலையில்லை.

கொடுமை என்னவென்றால் ஒற்றைப் பரிமாண அணியில் இந்தப் பிழை தலைகாட்டாது. ஏ(3) எங்கே இருக்கிறது என்று சொல்ல மொத்த நீளம் தேவையே இல்லையே. என் சோதனைகளில் முக்கால்வாசி ஒற்றைப் பரிமாணம். மீதியில் யாரும் என்னைத் தொடவில்லை. (இங்கே இரண்டு பொருளும் பொருந்தும்.)

தீர்வு: நுழைவாயிலில் எல்லைகளைக் கணக்கிட்டு மறைமாறிகளில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். வகைக்குள் இருக்கும் கோவை அந்த மறைமாறியைத்தான் சுட்ட வேண்டும். ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலர் தன் இடைநிலை மரத்தைக் கொட்டிக் காட்டும்போது பாருங்கள். துணைநிரலின் தலையிலேயே மேல் எல்லை, தாவல், ஒதுக்கம் என்று புள்ளியும் எண்ணும் ஒட்டிய பெயர்களோடு சில மாறிகள் வரிசையாக நிற்கும். முதலில் அவற்றைக் குப்பை என்று நினைத்தேன். அவைதான் பூட்டு.

ஜனவரி 20

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். "ஏ(என்) என்றால் உள்ளே அளவு தெரிந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தெரிவது அறிவித்த அளவு. வெளியிலிருந்து வந்த அணி அதைவிடப் பெரியதாக இருக்கலாம். 100 உறுப்புள்ள ஒற்றை வரிசையை (10,10) என்று வாங்கிக்கொள்ளலாம், (5,5) என்றும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் சட்டப்படி சரி. உள்ளே கேட்கும் அளவு வெளியே இருப்பதைவிட மிகாமல் இருந்தால் போதும்.

இதனால் அழைப்பில் இரண்டு பக்க வகைகளும் ஒன்றா என்று ஒப்பிடும் சோதனையை எழுதாதீர்கள். நான் எழுதினேன். பாதி உலகத்தின் பழைய நிரல்கள் என் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன.

ஜனவரி 26

கழித்தல் ஒன்றின் கதை.

சீட்டுக் கொள்கையைக் கைவிட்ட பிறகு ஏ(*)க்குக் காலிக்குப் பதில் −1 என்று நீளம் எழுதினேன். காலியைச் சோதிப்பதைவிட எண்ணைச் சோதிப்பது எளிது என்ற சோம்பேறித்தனம். ஏ(10, *) என்ற அணியை உள்ளே வாங்கிய ஒரு துணைநிரல் அதை அப்படியே இன்னொன்றுக்குக் கைமாற்றியது. கைமாற்றும் இடத்தில் என் கம்பைலர், உறுப்புகள் விட்டுவிட்டு இருக்குமோ என்று பயந்து, தற்காலிக நகல் எடுக்கும் பழக்கத்தில் இருந்தது. நகலுக்கு எத்தனை உறுப்பு? 10 பெருக்கல் −1. கழித்தல் பத்து உறுப்புகள்.

இங்கேயே வெடித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வெடிக்கவில்லை. ஃபோர்ட்ரானில் ஏ(5:3) என்ற வெற்று அணி செல்லும். நீளம் கழித்தலுக்குப் போகாமல் பூச்சியத்தில் நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை ஒழுங்காக எழுதியிருந்தேன்! அது −10ஐப் பூச்சியமாக்கியது. பூச்சியம் பைட் ஒதுக்கி, பூச்சியம் உறுப்பு நகலெடுத்து, அந்த முகவரியை அழகாக அனுப்பி, திரும்பி வந்ததும் பூச்சியம் உறுப்பை மூல அணியில் எழுதி, நன்றி வணக்கம் சொல்லி முடித்தது. ஒரு சரியான வரி இன்னொரு தவறான வரியின் சத்தத்தை விழுங்கிவிட்டது. விடையில் குப்பை வந்தது, அதுவும் எப்போதாவது. பெரும்பாலும் ஒதுக்கிய இடத்தில் பழைய மதிப்புகள் அப்படியே கிடந்ததால் விடை சரியாகவே வந்தது.

ஏ(*) வரையறைப்படியே இடைவெளி இல்லாமல் அடுக்கப்பட்டது. அதைக் கைமாற்ற நகலே தேவையில்லை. −1ஐத் தூக்கி எறிந்தேன். எண்ணாக இருக்கும் எதையும் யாராவது ஒருநாள் பெருக்குவார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜனவரி 26, பிற்பகல்

சொல்லிக்கொண்டு திரிந்ததை விழுங்க வேண்டியிருக்கிறது. சி மொழியோடு பேசுவதற்கென்று ஃபோர்ட்ரான் 2018 தரம் வரையறுத்த சீட்டைப் பாருங்கள். ஏ(*) அணியை எத்தனை பரிமாணமும் ஏற்கும் ஏ(..)க்கு அனுப்பும்போது, கடைசிப் பரிமாணத்தின் நீளமாகச் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. −1.

ஆக, தரம் எழுதும் குழுவே உட்கார்ந்து பேசி என் சோம்பேறித்தனத்துக்கு முத்திரை குத்தியிருக்கிறது. ஆனாலும் நான் மாறவில்லை. ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் சீட்டில் −1 இருக்கட்டும், அங்கே வேறு வழியும் இல்லை. கம்பைலரின் வயிற்றுக்குள் அது தனி அடையாளமாகத்தான் இருக்க வேண்டும்.

பாருங்கள், அந்த ஏ(..) ஐந்தாவது ரகம். 11ஆம் தேதிப் பட்டியலில் விட்டுவிட்டேன். அங்கே அளவு மட்டுமல்ல, பரிமாணம் எத்தனை என்பதே தெரியாது.

ஜனவரி 27

"இந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார், அவரைப் பார்க்க வேண்டும்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நட்சத்திரம் வந்தது ஃபோர்ட்ரான் 77இல். வருமுன் இருந்தது இன்னும் மோசம்.

1957இல் ஐபிஎம் 704க்கு வந்த முதல் ஃபோர்ட்ரானில் அணிக்கு மூன்று பரிமாணம்வரை, அளவுகள் எல்லாம் எழுதிய எண்கள். நம் தலைவலியே இல்லை. 1966 தரத்தில் ஏ(என்) செல்லும், ஏ(*) கிடையாது. அளவு தெரியாமல் வாங்க வேண்டியவர்கள் ஏ(1) என்று எழுதிவிட்டு ஆயிரமாவது உறுப்பை எடுத்தார்கள். கம்பைலர் எல்லையைச் சோதிக்காது என்ற நம்பிக்கைதான். பிளாஸ் நூலகத்தின் பழைய துணைநிரல்களைத் திறந்தால் தலைக்குறிப்பில் 1978ஆம் ஆண்டு தேதி இருக்கும். அடுத்த வரியில் 1993இல் (1) என்ற அறிவிப்புகள் (*) ஆக மாற்றப்பட்டன என்ற குறிப்பு. நட்சத்திரம் தரத்துக்கு வந்து பதினைந்து வருடம் கழித்து! அந்த ஒரு வரியில் இந்தத் தொழிலின் வேகம் முழுவதும் இருக்கிறது.

எல்லைச் சோதனையை உங்கள் கம்பைலரில் சேர்த்ததும் இந்த ஏ(1)கள் ஊரைக் கூட்டும். தயாராக இருங்கள்.

சீட்டோ இதைவிட வேறு வழியில் வந்தது. அல்கால் 60 என்ற மொழியில் ஓடும்போது அளவு தீர்மானமாகும் அணிகள் உண்டு. அவற்றுக்காக 1961லேயே டோப் வெக்டர் என்ற பெயரில் இதே யோசனை அச்சில் வந்துவிட்டது. ஃபோர்ட்ரான்காரர்கள் ஏ(:) என்று எழுத 90ஆம் ஆண்டுத் தரம் வரவேண்டியிருந்தது.

பிப்ரவரி 2

சீட்டில் "தாண்ட வேண்டிய தூரம்" என்றீர்களே, அதை உறுப்புக் கணக்கில் வைப்பதா பைட் கணக்கில் வைப்பதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் உறுப்புக் கணக்கில் வைத்தேன். ஜிஃபோர்ட்ரானும் அப்படித்தான் என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஒரு கூட்டு வகை எழுதுங்கள். அதில் ஒரு ஒற்றைத் துல்லியச் சிக்கலெண், அதாவது 8 பைட். அதற்குப் பின் ஒரு முழு எண், 4 பைட். மொத்தம் 12. இந்த வகையில் ஒரு அணி. இப்போது ஒரு சுட்டியை (வேறு இடத்தில் உள்ள தரவைக் காட்டும் மாறி) எடுத்து, அணியின் எல்லா உறுப்புகளிலும் உள்ள சிக்கலெண்களை மட்டும் சுட்டச் சொல்லுங்கள். ஃபோர்ட்ரானில் ஒரே வரி. உறுப்பின் பருமன் 8. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 12. உறுப்புக் கணக்கில் தூரம் ஒன்றரை.

ஒன்றரையை முழு எண் கட்டத்தில் எழுதிப் பாருங்கள்.

ஜிஃபோர்ட்ரான் சீட்டில் இடைவீச்சு என்று பொருள்படும் ஒரு கூடுதல் கட்டம் இருப்பது இதற்காகத்தான். தூரத்தை எந்த அலகில் எண்ணுவது என்று அது சொல்லும். தரத்தின் சி சீட்டு தொடக்கத்திலிருந்தே பைட்டில் எண்ணுகிறது. ஃபிளாங் அந்தச் சீட்டின் அமைப்பையே தன் பெட்டிக்கு எடுத்துக்கொண்டது. நானும் பைட்டுக்கு மாறிவிட்டேன். மாற்றும்போது ஒரு இடத்தில் 8ஆல் பெருக்க மறந்து ஒரு வாரம் போயிற்று. அந்தக் கதை வேண்டாம்.

பிப்ரவரி 3

கீழ் எல்லை பற்றிச் சுருக்கமாக, மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெளியே ஏ(0:9) என்று இருந்ததை ஏ(:) என்று உள்ளே வாங்கினால், உள்ளே அது 1லிருந்து 10. வெளி எல்லை உள்ளே வராது. 0 வேண்டுமென்றால் ஏ(0:) என்று நீங்களே எழுத வேண்டும். ஆகவே சீட்டில் கீழ் எல்லை இருந்தாலும் ஏ(:)க்கு அதைப் பார்க்கக் கூடாது.

பிப்ரவரி 3, பிறகு

இடம் ஒதுக்கப்படும் அணியாகவோ சுட்டியாகவோ உள்ளே வாங்கினால் வெளி எல்லை அப்படியே வரும். மேலே இதைச் சேர்க்க மறந்தேன். ஒரே சீட்டு, ஒரே கட்டம், ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் படிக்கக் கூடாது. தெரியாததில் என்ன ரகங்கள் என்றீர்களே.

பிப்ரவரி 9

வேகம் பற்றி. ஏ(:) என்று வாங்கினால் மெதுவாகிறது, ஏ(என்) வேகமாக இருக்கிறது, இது மூடநம்பிக்கையா? இல்லை. ஏ(:)க்குப் பத்தில் ஒன்றாகப் பொறுக்கிய துண்டும் வரலாம். அடுத்த உறுப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று கம்பைலர் நம்ப முடியாது. பக்கத்தில் இருந்தால்தான் நான்கு எட்டு உறுப்புகளை ஒரே கட்டளையில் அள்ள முடியும். ஃபோர்ட்ரான் 2008இல் அணி இடைவெளியின்றி இருக்கும் என்று வாக்குக் கொடுக்க ஒரு அடைமொழி சேர்த்தார்கள். ஜிசிசி (ஜிஃபோர்ட்ரான் சேர்ந்த கம்பைலர் தொகுப்பு) அந்த வாக்கு இல்லாதபோதும் சுழலை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை, இரண்டு பிரதியாக்கி, தூரம் ஒன்றா என்று ஓடும்போது பார்த்து, வேகமான பிரதிக்குள் நுழையும் வித்தை வைத்திருக்கிறது.

ஏ(*)க்கு இதன் மறுபக்கம். அங்கே இடைவெளி இல்லை என்பது உறுதி, உள்ளே வேகம். ஆனால் விட்டுவிட்டு எடுத்த துண்டை அனுப்பினால் அழைப்பவர் முன்பே நகலெடுத்து, பிறகு திரும்ப எழுத வேண்டும். செலவு எங்கும் மறையவில்லை. வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான்.

இதில் இடைநிலைக் குறிமுறைக்கு என்ன வேலை? பரிமாணங்களைச் சீக்கிரம் தட்டையாக்காதீர்கள். ஏ(ஐ, ஜே) என்பதை எடுத்தவுடன் ஐ + என் × ஜே என்று மாற்றினேன். பிறகு சுழல்களை இடம் மாற்றும் பகுதியை எழுத வந்தபோது, ஐயும் ஜேயும் தனித்தனி பரிமாணங்கள் என்பதை அந்தக் கூட்டலுக்குள்ளிருந்து திரும்பப் பிடுங்க வேண்டியிருந்தது. என் தெரிந்த எண்ணாக இருந்தால் வகுத்துப் பார்க்கலாம். மாறியாக இருந்தால் ஊகம்தான். பல கம்பைலர்கள் அடித்தளமாக வைத்திருக்கும் எல்எல்விஎம்மில் இதே பாடு உண்டு. அங்கே வந்து சேரும்போது எல்லாம் தட்டை. பாலி என்ற அதன் துணைத் திட்டத்தில் தட்டையானதை மீண்டும் பரிமாணங்களாகப் பிரித்தெடுக்க ஒரு பகுதியே வேலை செய்கிறது, 2015இல் அதற்கென்று ஆய்வுக் கட்டுரையும் வந்தது. (பாலியைப் போலி என்று எழுதினால் அர்த்தம் கெட்டுவிடும், கவனம்.) ஃபோர்ட்ரான்காரர் கையில் பரிமாணம் தெளிவாக இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த தெருவில் போய்த் தேடுவானேன்?

பிப்ரவரி 10

தலைப்பைவிட்டு விலகுகிறேன், ஆனால் கேட்டது அடிக்கடி வரும் கேள்வி. துணைநிரலுக்குள்ளேயே உருவாகும் வேலை(என்) போன்ற தானியங்கி அணி. என் 20 லட்சம், இரட்டைத் துல்லியம். 16 எம்பி. லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான வரம்பு 8 எம்பி. நிரல் ஒரு சொல்லும் சொல்லாமல் சாகும். அளவு தெரியாதது என்பதால் கம்பைல் நேரத்தில் எச்சரிக்கவும் முடியாது. ஹீப்பில் ஒதுக்கினால் உயிர் தப்பும், சிறிய அணிகளுக்கு மெதுவாகும். ஜிஃபோர்ட்ரான் இரண்டுக்கும் தெரிவு தருகிறது. நான் ஹீப். சாவதைவிட மெதுவாகப் போவது மேல்.

பிப்ரவரி 16

ஒரு பெரிய மறுயோசனை. ஜனவரி 19இல் பூட்டிய மறைமாறியை வகைக்குள் வைக்கச் சொன்னேன். இப்போது அதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கெடுத்தது இடம் ஒதுக்கப்படும் அணி. ஃபோர்ட்ரான் 2003இலிருந்து, ஏ = பி என்று எழுதினால் போதும், வடிவம் பொருந்தாவிட்டால் ஏ தானே பழைய இடத்தை விட்டுவிட்டு பியின் அளவுக்குப் புது இடம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் அளவு ஏயின் வகையில் இல்லை, அந்த நேரத்தில் ஏ தாங்கியிருக்கும் மதிப்பில் இருக்கிறது. நான் சுழலுக்கு வெளியே ஒருமுறை அளவைப் படித்து வைத்துக்கொண்டேன். சுழலுக்குள் ஒரு ஒதுக்கீட்டு வரி அணியைச் சத்தமில்லாமல் வளர்த்துவிட்டது. மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதினால் இப்படி எழுதுவேன்: வகைக்குள் பரிமாண எண்ணிக்கை, எழுதிய எண்ணாகத் தெரியும் நீளங்கள், நினைவகத்தில் எப்படி இருக்கிறது என்ற அடையாளம். இவ்வளவுதான். மாறியாக இருக்கும் எந்த எல்லையும் வகைக்குள் வராது. அது வடிவம் என்ற தனி மதிப்பாக, அறிவிப்பின் பக்கத்தில் நிற்கும். எஃப்ஐஆரில் கேள்விக்குறி வகைக்குள்ளும் வடிவம் வெளியேயும் இருப்பதன் அருமை எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அங்கே வடிவம் ஒருமுறை கணக்கிட்ட மதிப்பு, பிறகு மாறவே மாறாது. என் = என் − 1 என்று யார் எழுதினாலும் பூட்டுத் தனியாகத் தேவையில்லை.

எதிர்வாதமும் உண்டு. கோவை வகைக்குள்ளேயே இருந்தால் இடைநிலை வடிவத்தைத் திரும்ப ஃபோர்ட்ரானாக அச்சிட முடிகிறது. எல்ஃபோர்ட்ரான் அதைச் செய்கிறது. பிழை தேடும்போது மூலத்தைப் போலவே தெரிவது எவ்வளவு பெரிய வரம் என்பது எஃப்ஐஆரை வெறும் கண்ணால் படித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி மாற்றுவேனா என்று தெரியவில்லை.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். காலிக் கட்டத்தோடு ஐந்து அடையாளங்களைச் சேர்த்துப் பிரித்துவிட்டாராம். பிரித்த அன்றே, மாதக்கணக்கில் ஓடிய ஒரு சோதனை விழுந்துவிட்டதாம். ஏ(*) என்று வாங்கிய அணியை அப்படியே ஏ(:) உள்ள துணைநிரலுக்கு அனுப்பும் சோதனை. "பிரித்ததால் உடைந்துவிட்டது, எப்படிச் சரிசெய்வது?" என்கிறார்.

உடையவில்லை. அது தரப்படி செல்லாத அழைப்பு. ஏ(:)க்குச் சீட்டு வேண்டும், சீட்டில் நீளம் எழுத வேண்டும், அந்த நீளம் அங்கே யாருக்கும் தெரியாது. முன்பு இரண்டு பக்கமும் காலி என்பதால் உங்கள் கம்பைலர் பொருத்தம் பார்த்து அனுப்பிவைத்தது. சோதனையை அழித்துவிட்டு, பிழைச் செய்தியை எதிர்பார்க்கும் சோதனையாக மாற்றுங்கள். ஏ(1:என்) என்று மேல் எல்லையோடு அனுப்பினால் மட்டும் வழிவிடுங்கள், அங்கே நீளத்தை எழுதியவரே சொல்லிவிட்டார்.

மார்ச் 2, இரவு

அதே மூன்று வரியை என் கம்பைலரில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. நாளைக்கு விடுப்பு எடுத்திருக்கிறேன்.